எதிர்க்கும் ஆள்: தற்காப்புக் கலைப் பயிற்சி எப்போது சண்டைத் திறனாகிறது

பத்து வருடம் கராத்தே பழகிய ஒருவர், இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகியவரிடம் ஸ்பாரிங்கில் (இருவர் நேருக்கு நேர் மோதிப் பழகும் பயிற்சியில்) திணறினால், பார்ப்பவர்கள் உடனே கலையைக் குறை சொல்கிறார்கள். கராத்தே வேலைக்காகாது, குத்துச்சண்டைதான் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. இரண்டிலும் பின்கையால் (பின்னால் வைத்த காலின் பக்கத்துக் கையால்) விடும் நேர்க்குத்தின் அடிப்படை ஒன்றுதான். தரையை உதைத்த பின்காலில் பிறக்கும் விசை இடுப்பைத் திருப்பித் தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. இருவரையும் பிரிப்பது வேறு விஷயம். அந்தக் குத்து தன்மேல் விழவே கூடாது என்று முழுமனதோடு நினைக்கும் ஓர் ஆள்மீது அவரவர் அதை எத்தனை முறை விட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

வகுப்பில் நடப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, தனியாகச் செய்வது: கட்டா (முன்கூட்டி அமைத்த அசைவு வரிசை), குத்துவரிசை, சிலம்ப வீச்சு, காலடி, பையில் அடித்தல் எல்லாம் இதில் வரும். இரண்டாவது, துணை ஆள் சொன்னபடி தாக்க, நாம் சொன்னபடி தடுத்துத் திருப்பி அடிப்பது. மூன்றாவது, எதிரே நிற்பவர் தன் இஷ்டப்படி தாக்கவும் விலகவும் ஏமாற்றவும் உரிமை உள்ள பயிற்சி. முதலாவது உடலைத் தயார் செய்கிறது. இரண்டாவது நுட்பத்தின் வழியைக் காட்டுகிறது. அதை எப்போது, எவ்வளவு தூரத்தில், யார்மேல் செய்ய முடியும் என்பதை மூன்றாவது மட்டுமே சொல்லித் தரும். சண்டைத் திறன் என்று நாம் குறிப்பிடுவதில் பெரும்பகுதி இந்த ‘எப்போது’வும் ‘எவ்வளவு தூர’மும்தான்.

ஒத்துழைக்கும் துணையிடம் கற்பது

கராத்தேயில் வழக்கமாகச் செய்யும் ஒற்றைத் தாக்குதல் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தாக்குபவர் ஒரு காலைப் பின்னால் இழுத்து நிலை எடுக்கிறார். முகத்துக்கா வயிற்றுக்கா என்று முன்பே அறிவிக்கிறார். நீண்ட ஓர் எட்டு வைத்து வந்து குத்துகிறார். குத்திய கையை நீட்டியபடியே நிற்கிறார். தடுப்பவர் தடுத்து, இரண்டு மூன்று பதிலடி கொடுத்து முடிக்கிறார். காலடியும் இடுப்பும் படிவதற்கு இது நல்ல பயிற்சி. இதைச் சண்டையின் மாதிரியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் இதில் தடுப்பவருக்குக் கிடைக்கும் வசதிகள் எதுவும் சண்டையில் கிடைக்காது.

முதலில் அந்தக் கை. பழகியவர் விடும் முன்கைக் குத்து (முன்னால் வைத்த காலின் பக்கத்துக் கையால் விடுவது) போன வேகத்திலேயே திரும்பி முகத்தருகே வந்துவிடும். நீட்டிய கையைப் பிடித்து முறுக்கவோ மேலிருந்து வெட்டவோ அங்கே கை இருக்காது. அடுத்து, எட்டு. நீண்ட எட்டு வைத்து வரும் தாக்குதலைப் பார்த்து நடவடிக்கை எடுக்க நேரம் இருக்கிறது. எட்டே வைக்காமல், நின்ற இடத்திலிருந்து உடலைச் சற்றுச் சாய்த்து விடும் குத்துக்கு அந்த நேரம் கிடையாது. மூன்றாவது, எண்ணிக்கை. உண்மையில் ஒரு குத்தோடு யாரும் நிறுத்துவதில்லை. முதல் குத்தைத் தடுக்கக் கை உயர்ந்த கணத்தில் இரண்டாவது அந்தக் கை விட்டுப்போன இடத்துக்கு வருகிறது. குத்துச்சண்டையில் முன்கை, பின்கை, மறுபடி முன்கை என்று தொடுப்பதன் காரணமே இதுதான்: முதல் குத்து அடிப்பதற்கு, கண்ணை மறைப்பதற்கு, எதிராளியின் தடுப்பை வரவழைப்பதற்கு என மூன்று வேலையும் செய்யும்.

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கும் நுட்பங்களில் இடைவெளி இன்னும் பெரிது. பயிற்சியில் பிடித்தவர் பிடித்தபடி நிற்கிறார். வெளியே, முறுக்கு தொடங்கியது என்று உணர்ந்தவுடன் மனிதர்கள் இயல்பாகவே இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள், அல்லது மற்றொரு கையால் முகத்தில் அடிப்பார்கள். ஒரு மணிக்கட்டை முறுக்க நமக்கு இரண்டு கையும் வேண்டும். அந்த நேரத்தில் நம் முகத்துக்குக் காவல் இல்லை. ஆகவே மணிக்கட்டு முறுக்கு பொய் என்று ஆகிவிடாது. எதிராளி ஏற்கெனவே சுவரோடோ தரையோடோ அழுத்தப்பட்டு, அந்தக் கையை இழுக்க இடமில்லாதபோது அது நன்றாகவே வேலை செய்யும். நுட்பம் சரி. அதை எந்த நிலையிலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் தவறாகக் கற்றுத் தரப்படுகிறது.

விழும் பழக்கமும் இப்படித்தான் வருகிறது. மணிக்கட்டை முறுக்கி எறியும்போது, தன் மூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் துணை ஆள் தானே உருண்டு விழக் கற்கிறார். அது பாதுகாப்புக்காக. வருடங்கள் போகப்போக முறுக்கு முழுமையாவதற்கு முன்பே விழ ஆரம்பிக்கிறார். எறிந்தவரோ தன் நுட்பம் கூர்மையாகிவிட்டது என்று நம்புகிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இருவரும் நேர்மையாகவே பழகுகிறார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் இருவரும் சேர்ந்தே உண்மையிலிருந்து விலகிப் போகிறார்கள்.

கண் பார்த்துக் கை தடுக்காது

கண்ணில் தெரிந்த ஒன்றுக்கு மனித உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 முதல் 0.25 நொடி ஆகும். என்ன வரப்போகிறது என்று தெரிந்து, ஒரே ஒரு பதிலுக்குத் தயாராக இருக்கும்போது கிடைக்கும் கணக்கு இது. பழகிய கையின் குத்து கிட்டத்திலிருந்து வந்து சேர எடுப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான், சில சமயம் அதற்கும் குறைவு. அதாவது, கை கிளம்பியதைப் பார்த்த பிறகு தடுக்கலாம் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் அடி வாங்கிய பிறகுதான் தடுப்பார்.

அப்படியானால் வீரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? அவர்கள் கையைப் பார்ப்பதில்லை. முன்கால் அழுந்துவது, தோள் லேசாக முன்னால் வருவது, இடுப்பு திரும்பத் தொடங்குவது, தூரம் திடீரென்று ஓர் அடி குறைவது ஆகியவற்றைப் படிக்கிறார்கள். பார்வையை நெஞ்சின் மேற்பகுதியில் வைத்துக்கொண்டால் இரு தோளும் இடுப்பும் ஓரப்பார்வையில் கிடைக்கும். எந்த அசைவுக்குப் பின் எது வரும் என்ற ஊகம், உண்மையில் அடிக்க முயலும் பலரை ஆயிரக்கணக்கான முறை எதிர்கொண்டு சேர்த்த அனுபவம். முன்பே அறிவித்துத் தாக்கும் துணையிடம் இது கிடைக்காது, ஏனென்றால் அங்கே ஊகிக்க எதுவுமில்லை. மனப்பாடம் செய்த உரையைப் பிசிறில்லாமல் ஒப்பிப்பவர் குறுக்குக் கேள்வி ஒன்று வந்ததும் வாயடைத்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

நுட்பங்களின் எண்ணிக்கையும் இதில் சேர்கிறது. தேர்வு செய்ய வேண்டிய பதில்கள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரம் நீள்கிறது என்பதை 1952-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் அளந்து காட்டினார். வாய்ப்புகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதம் கூடுகிறது. ஒரே குத்துக்குப் பன்னிரண்டு தடுப்பு தெரிந்தவரைவிட, இரண்டே தடுப்பை ஊறப் போட்டவர் முந்திக்கொள்வார். குத்துச்சண்டையில் அடிப்படைக் குத்துகள் நான்குதான்: முன்கை நேர்க்குத்து, பின்கை நேர்க்குத்து, பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக், கீழிருந்து மேலே வரும் அப்பர்கட். மீதி எல்லாம் அவற்றைச் சேர்க்கும் விதமும் காலும் தலையும்.

தூரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் பழகுபவருக்குத் தூரம் என்பதே இல்லை, காற்றில் எங்கே குத்தினாலும் அது விழுந்தது போலத்தான். சிலம்பத்தில் இது பளிச்சென்று தெரியும். கம்பைச் சுழற்றும் வேகத்தில் கண் கூச வைக்கும் ஒருவர், கம்பு உடலைத் தொட்டால் புள்ளி என்ற முறையில் நேருக்கு நேர் நின்றதும், எதிராளியின் கம்பு முனைக்கு அரை அடி வெளியே நிற்பது எப்படி, அந்த அரை அடியை எப்போது தாண்டுவது என்பதை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. வீச்சு வீணல்ல. மணிக்கட்டும் தோளும் தளர்ந்து, கம்பு கையின் நீட்சியாவது அதனால்தான். நேருக்கு நேர் நிற்பது இன்னொரு பாடம்.

ஆபத்தைக் கழித்தவர்கள் ஏன் வென்றார்கள்

இந்தச் சிக்கலுக்கு நூறு வருடங்களுக்கு முன்பே தெளிவான விடை கண்டவர் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. ஜூஜுட்சு என்ற ஜப்பானிய வெறுங்கைச் சண்டையின் பழைய மரபுகளைக் கற்ற அவர் 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில், பன்னிரண்டு பாய் விரித்த சிறு அறையில் கோடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கினார். மூட்டை உடைப்பது, கண்ணில் குத்துவது போன்றவற்றை முழு பலத்தில் பழகினால் மாணவர் மிஞ்ச மாட்டார். ஆகவே அடிகளையும் ஆபத்தான நுட்பங்களையும் கட்டா வடிவில் மட்டும் வைத்தார். எறிதல், அழுத்திப் பிடித்தல், கழுத்து நெரிப்பு, முழங்கைப் பூட்டு ஆகியவற்றை ரண்டோரி என்ற தடையற்ற பயிற்சிக்கு ஒதுக்கினார். ரண்டோரியில் இருவரும் தங்கள் முழு பலத்தோடும் தந்திரத்தோடும் மோதலாம், தோற்றவர் தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும்.

முரண்பாடு போலத் தோன்றும் இந்த இடம்தான் விஷயத்தின் மையம். பயங்கரமான நுட்பங்கள் கையில் இருந்தும் அவற்றை ஒருவர்மேலும் முழுதாகச் செய்துபார்க்காதவரைவிட, பாதுகாப்பான சில நுட்பங்களைத் தினமும் எதிர்ப்பவர்மேல் செய்துபார்த்தவர் வலுவானவர் ஆனார். 1880களில் ஜப்பானியக் காவல்துறை நடத்திய போட்டிகளில் கோடோகான் மாணவர்கள் பழைய பள்ளிகளை வென்று பெயர் எடுத்தது இந்தப் பயிற்சி முறையால்தான். “எங்கள் நுட்பம் ஆளைக் கொன்றுவிடும், அதனால் ஸ்பாரிங் செய்வதில்லை” என்ற வாதத்துக்கு அன்றே கிடைத்த பதில் இது. எதிர்ப்பவர்மேல் செய்துபார்க்க முடியாத நுட்பம் கொல்லுமா என்பதும் தெரியாது, போய்ச் சேருமா என்பதும் தெரியாது.

வாள் பயிற்சியிலும் இதே பாதைதான். மரவாளால் முழு வேகத்தில் அடித்தால் எலும்பு முறியும் என்பதால் நீண்ட காலம் ஜப்பானில் முன்கூட்டி அமைத்த அசைவுகளாகவே பழகினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் தலை, மார்பு, மணிக்கட்டுக் கவசங்களும் செம்மைப்பட்ட பிறகு முழு வேகத்தில் அடித்துப் பழக முடிந்தது. குத்துச்சண்டையில் 1867-இல் வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஓய்வையும் நிலைநிறுத்தின. கையுறை முதலில் காப்பது அடிப்பவரின் கையைத்தான். வெறுங்கையால் மண்டையோட்டில் குத்துபவர்களுக்குச் சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு முறிவது மிகச் சாதாரணம். பையில் கையுறையோடு மட்டுமே பழகியவர் வெளியே முழு பலத்தில் நெற்றியில் குத்தினால் முதல் குத்திலேயே தன் கையை இழக்கலாம்.

மேடையில் வெளிப்பட்டது

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைத் தொடரின் முதல் போட்டி நடந்தது. எட்டுப் பேர், வெவ்வேறு கலைகள், எடைப்பிரிவு கிடையாது. பிரேசிலிய ஜூஜுட்சு என்ற தரைச்சண்டைக் கலையைப் பழகிய, சுமார் 80 கிலோ எடையுள்ள ஹோய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டி வந்தார். கிரேஸி அவரைத் தரையில் கிடத்தி மார்பின்மேல் ஏறியதும், பெரிதாக அடி எதுவும் விழாமலே அவர் விட்டுக்கொடுத்தார். அந்த நிலையிலிருந்து வெளியே வரும் வழி அவருக்குத் தெரியவில்லை.

தரைச்சண்டைதான் உலகின் சிறந்த கலை என்று அன்று பலர் முடிவு செய்தார்கள். அடுத்த நான்கு வருடங்கள் அந்த முடிவைக் கலைத்துவிட்டன. வலுவான மல்யுத்த வீரர்கள் வந்து மேலே இருந்தபடியே அடித்து வென்றார்கள். பிறகு 1997-இல் கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித், மல்யுத்த வீரர் மார்க் கோல்மனிடமிருந்து ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கினார். கீழே விழுந்தாலும் தாங்கிக்கொண்டு எழுந்து நின்று அடிக்க அவர் கற்றிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் வென்றது ஒரு கலையின் பெயர் அல்ல. எதிராளி கொண்டுவரும் பிரச்சினையை முன்பே தன் பயிற்சிக்கூடத்தில் எதிர்கொண்டு பார்த்த ஆள் வென்றார்.

ஒத்துழைப்புப் பயிற்சி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் யனாகி ரியூகென் நிகழ்வு கடுமையான எடுத்துக்காட்டு. தொடாமலே ஆளை வீழ்த்துவதாகச் சொன்ன அவர், 2006-இல் ஒரு கலப்புச் சண்டை வீரருடன் பொதுவில் மோதி, சில குத்துகளிலேயே தோற்றார். அவர் கை அசைத்தால் மாணவர்கள் வரிசையாக விழுவார்கள், அவர் அதை நம்பியிருந்தார். 2017-இல் சீனாவில் தாய்ச்சி ஆசான் வெய் லெய், கலப்புச் சண்டைப் பயிற்சியாளர் ஷூ ஷியாவ்தோங்கிடம் அரை நிமிடத்துக்குள் தோற்றதும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இதை வைத்துத் தாய்ச்சியையே ஏளனம் செய்வது நியாயமல்ல. கையோடு கை ஒட்டி ஒருவரையொருவர் தள்ளிப் பழகும் தாய்ச்சியின் தள்ளுகைப் பயிற்சியில் சமநிலையை உணரும் நுட்பம் உண்மையானது. முகத்துக்குக் குத்து வரும் சூழலில் வெய் லெய் அதைப் பழகிப் பார்த்தாரா என்ற கேள்விக்குத்தான் அந்த மேடை பதில் சொன்னது.

மூச்சும் பயமும் எடையும்

முதல்முறை ஸ்பாரிங் செய்பவர், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவராக இருந்தாலும், ஒரு நிமிடத்தில் களைத்துப்போவார். ஓட்டத் தகுதி போதவில்லை என்று நினைத்து மேலும் ஓடுவார். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், தோள்களை இறுக்கி உயர்த்துகிறார், ஒவ்வொரு அடியையும் முழு பலத்தில் விடுகிறார். தசை உடனடியாக வெடித்து இயங்குவதற்கான சேமிப்பு ஏறத்தாழ பத்து நொடிக்குத்தான் வரும். அதன்பின் கை ஈயம் போலக் கனக்கும். குத்தும்போது மூச்சை விடுவது, அடிகளுக்கு இடையில் தோளைத் தொங்கவிடுவது, பத்தில் ஏழு அடிகளைப் பாதி பலத்தில் விடுவது என்ற மூன்றும் பழகிய பிறகு அதே ஆள் ஐந்து சுற்று தாங்குவார்.

பயம் பார்வையையும் சுருக்குகிறது. அட்ரினலின் ஏறும்போது ஓரப்பார்வை குறையும், ஓசை மங்கும், விரல் நுனியால் செய்யும் நுண்ணிய வேலை தடுமாறும். அடி வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வது பிறவி அனிச்சை, அதைச் சொல்லித் திருத்த முடியாது. மெல்லிய அடிகளை நிறைய வாங்கி, “இது தாங்கக்கூடியதுதான்” என்று உடல் தானே அறிந்த பிறகுதான் கண் திறந்தபடி இருக்கும். முதல் நாளே பலமாக அடித்துப் ‘பயத்தைப் போக்கும்’ ஆசான்கள் அனிச்சையை இன்னும் ஆழமாக்கிவிடுகிறார்கள். அந்த மாணவர்களில் பாதிப்பேர் மறு வாரம் வருவதில்லை, வருபவர்களும் கண்ணை மூடியபடியே வருடக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

எடை பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சண்டை விளையாட்டுகளும் எடைப்பிரிவு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எதிராளிக்கு எதுவும் தெரியாவிட்டால் நுட்பம் பெரிய எடை வித்தியாசத்தையும் ஈடுகட்டும். அவரும் ஓரளவு பழகியவர் என்றால் இருபது கிலோ வித்தியாசமே மலைபோல் நிற்கும். சிறியவர் பெரியவரை எளிதில் வீழ்த்தலாம் என்ற விளம்பரத்தை நம்பி வெளியே நிற்பவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்.

எதிர்ப்பை எப்படிக் கூட்டுவது

ஒத்துழைக்கும் பயிற்சியிலிருந்து நேராக முழு ஸ்பாரிங்குக்குத் தாவுவதுதான் பல கூடங்களில் நடக்கும் பெரிய தவறு. பயத்தில் மாணவர் கற்ற அனைத்தையும் மறந்து கைகளை வீசுகிறார், பிறகு “கற்றதெல்லாம் பயன்படவில்லை” என்கிறார். இடையில் படிகள் வேண்டும்.

முன்கைக் குத்தைத் தடுப்பதை எடுத்துக்கொண்டால், முதலில் தாக்குபவர் அந்த ஒரு குத்தை மட்டும் விடுகிறார், ஆனால் எப்போது என்பது அவர் விருப்பம். சில சமயம் ஐந்து நொடி காத்திருக்கலாம், சில சமயம் அடுத்தடுத்து மூன்று விடலாம். கை உடனே திரும்ப வேண்டும், குத்து உண்மையாகவே நெற்றியைத் தொடும் தூரத்துக்கு வர வேண்டும். இரண்டு நிமிடம், பிறகு மாற்றம். பத்துக்கு ஏழு எட்டுத் தடுப்பு சரியாக வரத் தொடங்கியதும் பொய்க்குத்தைச் சேர்க்கலாம். அதன்பின் தலைக்கா வயிற்றுக்கா என்ற தேர்வு. அதன்பின் தடுப்பவருக்கும் ஒரு பதிற்குத்துக்கு உரிமை. அங்கிருந்து இருவருக்கும் முன்கை மட்டும் அனுமதித்த ஸ்பாரிங்குக்குப் போனால், அது கிட்டத்தட்ட முழு ஸ்பாரிங்தான். தூரம், நேரம், ஏமாற்று எல்லாம் அதில் இருக்கும், காயம் மட்டும் குறைவாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் பத்துக்குப் பத்து வெற்றி கிடைத்தால் எதிர்ப்பு போதவில்லை என்று பொருள். பத்துக்கு இரண்டுதான் வருகிறது என்றால் ஒரு படி இறங்க வேண்டும்.

பிடிச்சண்டையில் இன்னும் எளிது, ஏனென்றால் தலையில் அடி விழாமலே முழு பலத்தைக் காட்டலாம். ஒருவர் மற்றவரின் மார்பின்மேல் ஏறிய நிலையில் தொடங்கி, கீழே இருப்பவர் தப்பித்தால் அவர் வெற்றி, மேலே இருப்பவர் ஒரு நிமிடம் தக்கவைத்தால் அவர் வெற்றி என்று விளையாடலாம். முப்பது நிமிடத்தில் ஒரே சூழ்நிலை இருபது முறைக்கு மேல் வரும். தடையற்ற மல்யுத்தத்தில் அதே நிலை ஒரு மாலையில் இரண்டு முறை வந்தாலே அதிகம்.

கை கால் தாக்குதலுடன் கூடிய முழு ஸ்பாரிங்கில் பலம் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் போதும். தாய்லாந்தின் முவாய் தாய் வீரர்கள் அடிக்கடி மேடையேறுபவர்கள். அவர்கள் கூடத்தில் மிக மென்மையாக விளையாடுவதைப் பார்த்தால் பலருக்கும் வியப்பு வரும். கையுறை 16 அவுன்ஸ், பல் காப்பு, இடுப்புக் காப்பு, கால் உதை இருந்தால் கணுக்கால் முதல் முழங்கால் வரை காப்பு. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. உயர்நிலை ஆண்கள் அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-இல் தலைக்கவசம் நீக்கப்பட்டு, 2016 ஒலிம்பிக்கிலும் அப்படியே நடந்தது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், கடைசிச் சுற்று நினைவில்லாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிய வேண்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தலையில் இன்னோர் அடி விழக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் மூர்க்கமாக அடித்துக்கொள்ளும் கூடம் வீரர்களை உருவாக்குவதைவிட வேகமாக மூளைக் காயங்களை உருவாக்கும்.

விதிகள் விட்டுச்செல்லும் பழக்கம்

எதிர்த்துப் பழகுவதிலும் ஓட்டைகள் உண்டு. புள்ளி கிடைத்ததும் நடுவர் நிறுத்தும் முறையில் பழகியவர், தொட்டவுடன் கையைத் தாழ்த்தித் திரும்பிப் போகக் கற்றுக்கொள்கிறார். வெளியே அந்தக் கணத்தில்தான் எதிராளியின் குத்து வரும். முகத்தில் கையால் குத்த அனுமதி இல்லாத டேக்வாண்டோவில் கைகள் கீழே தொங்கும். முழுத்தொடர்பு கராத்தே சிலவற்றில் உடலில் பலமாக அடிக்கிறார்கள், முகத்தில் கைக்குத்து கிடையாது, ஆகவே இருவரும் மார்போடு மார்பு ஒட்டி நிற்பார்கள். ஜூடோவில் முதுகு தரையில் படாமல் குப்புறக் கவிழ்ந்து பந்துபோல் சுருண்டுகொண்டால் தப்பிக்கலாம். அதே நிலை அடியும் உதையும் உள்ள இடத்தில் மிக ஆபத்தானது. குத்துச்சண்டைக்காரர் பெரிய கையுறைக்குப் பின்னால் ஒளிந்து பழகியிருப்பார், கையுறை இல்லாத முஷ்டி அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும். உங்கள் கலையின் விதி எதைத் தடை செய்கிறதோ, அதை வாரம் ஒரு சுற்றாவது அனுமதித்துப் பழகினால் இந்த ஓட்டை தெரியவரும்.

பையையும் இங்கே சொல்ல வேண்டும். பலம் கூட்ட அதைவிட நல்ல கருவி குறைவு. ஆனால் பை விலகாது, திருப்பி அடிக்காது. அதனால் பையோடு மட்டும் பழகியவர்கள் மிகக் கிட்டத்தில் நின்று, அடித்த கையை இடுப்பு உயரத்தில் விட்டுவிடுவார்கள். மூன்று அடிக்கு ஒருமுறை கோணம் மாறி வெளியேறுவது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டால் பெருமளவு திருந்தும்.

வெளியே நடப்பது

மேடைச்சண்டை தெரிந்தவர் தெருச்சண்டைக்கும் தயார் என்பது பாதி உண்மை. அடி வாங்கியும் நிதானம் இழக்காமல் இருப்பது, தூரம், சமநிலை ஆகியவை எங்கேயும் உதவும். ஆனால் மேடையில் சண்டை எப்போது தொடங்கும் என்று இருவருக்கும் தெரியும். வெளியே அது பெரும்பாலும் பேச்சில் தொடங்கி, கை எட்டும் தூரத்தில், எதிர்பாராத குத்தில் முடிகிறது. இரண்டாவது ஆள் பின்னாலிருந்து வரலாம். தரை சிமெண்டாக இருக்கும். ஒரே குத்தில் உயிர் போகும் பல சம்பவங்களில் கொல்வது முஷ்டி அல்ல, மயங்கி விழுபவரின் தலை தரையில் மோதுவதுதான். அடிப்பவருக்கும் அது வாழ்க்கையை முடிக்கும் விஷயம்.

கத்தி வந்தால் கணக்கு முழுக்க மாறும். 1983-இல் அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர், 21 அடி, அதாவது சுமார் 6.4 மீட்டர் தூரத்தை ஓர் ஆள் ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்து வந்து குத்த முடியும் என்று காட்டினார். கையிலிருக்கும் கத்தியைத் தட்டிப் பறிக்கும் நுட்பத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு, துணை ஆளிடம் மூடி கழற்றிய மார்க்கர் பேனா கொடுங்கள். இருவரும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நொடி, அவர் இஷ்டம்போல் குத்தட்டும், இழுக்கட்டும், மறுகையால் உங்களைப் பிடிக்கட்டும். பிறகு கழுத்திலும் வயிற்றிலும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே கையின் உட்புறத்திலும் உள்ள கோடுகளை எண்ணுங்கள். நல்ல வீரர்களின் சட்டையிலும் நிறையக் கோடுகள் இருக்கும். ஓட வழி இருந்தால் ஓடுவது என்ற அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சட்டை காட்டிவிடும்.

வகுப்பு தேடுபவர்களுக்கு

எல்லோரும் சண்டைக்காகப் பழகுவதில்லை. உடல் நலம், அழகு, மரபைக் காப்பது, மன ஒருமை என்று எதற்காகப் பழகினாலும் அது மதிப்புள்ளது, அதற்கு ஸ்பாரிங் சான்றிதழ் தேவையில்லை. கட்டாவை அறுபது வயதிலும் செய்யலாம், முழு ஸ்பாரிங்கை அப்படிச் செய்ய முடியாது. தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து சேர்ந்தால் போதும். பிள்ளைகளைத் தற்காப்புக்கென்று சேர்க்கும் பெற்றோருக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டை நிறம் மாறுவதைத் திறன் கூடுவதாக நம்பிவிடுவது அவர்கள்தான்.

சண்டைத் திறன் வேண்டும் என்பவர் சேர்வதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து, கடிகாரத்தோடு பாருங்கள். அறுபது நிமிடத்தில் மாணவர்கள் உண்மையாக எதிர்க்கும் துணையோடு கழித்தது எத்தனை நிமிடம்? பதினைந்துக்குக் குறைவு என்றால் முன்னேற்றம் மிக மெதுவாகத்தான் இருக்கும். மூத்த மாணவர் எப்போதாவது இளையவரிடம் அடி வாங்குகிறாரா, வாங்கினால் அங்கே என்ன நடக்கிறது? சிரித்துவிட்டுத் தொடர்ந்தால் நல்ல கூடம். பழிக்கு அடுத்த அடி பலமாக விழுந்தால் வேறு கூடம் பாருங்கள். நுட்பம் ஒன்று வேலை செய்யவில்லை என்று மாணவர் சொன்னால், ஆசான் “இன்னும் பத்து வருடம் பழகு” என்று முடித்துவிடுகிறாரா, அல்லது எதிர்ப்பவரோடு தானே செய்து காட்டி எந்த இடத்தில் நழுவுகிறது என்று தேடுகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே ஒரு கூடத்தில் பழகுபவர் என்றால், மாதம் ஒருமுறை மூன்று சுற்று ஸ்பாரிங்கை கைப்பேசியில் படம்பிடித்து, தனியாகப் பழகும் நுட்பங்களில் எத்தனை அதில் தென்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அடுத்த மாதப் பயிற்சியில் தென்படாத ஒன்றை மட்டும் எடுத்து, மேலே சொன்ன படிகளில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.